மாத்து கம்மி, மாப்ள

யாரும் நம்ப முடியாத ஒரு கதையைச் சொல்லப் போகிறேன் என்று பாமணியாற்றுத் தண்ணீர் மீது ஆணையிட்டுத் தொடங்குகிறேன். ஆற்றில் இப்போது தண்ணீர் இல்லை என்பது வேறு விஷயம். ஆணை ஆணைதான். கோவிந்தராசு மச்சானைத் தெரிந்தவர்கள், அவரை 'அப்ரைசர் சார்' என்று கூப்பிட்டவர்கள், வரப்பில் நடக்கும்போது அவர் மேல் தடுக்கி விழுந்தவர்கள், எல்லோரும் கொஞ்சம் உட்கார்ந்து படியுங்கள்.

செய்தி வந்தபோது நான் ஒரு செத்தவருக்கு டை கட்டிக்கொண்டிருந்தேன். பயப்பட வேண்டாம், கம்ப்யூட்டரில்தான். மன்னார்குடியில் எனக்கு இருப்பது ஒரு போட்டோ ஸ்டூடியோ. கல்யாணமும் படத்திறப்பும் என் பிழைப்பு. கருமாதியன்று திறந்து மாலை போட ஒரு பெரிய படம் வேண்டும் என்று வீட்டார் வருவார்கள். கையில் அடையாள அட்டை அளவுக்கு ஒரு மங்கல் படம் இருக்கும். நான் அதற்குக் கோட்டு மாட்டி, தலை வாரி, பின்னால் நீல வானத்தை விரித்துக் கொடுப்பேன். உயிரோடு இருந்தவரை மேல்சட்டையே போடாத எத்தனையோ பெரிய மனிதர்களை மந்திரி மாதிரி வழியனுப்பி வைத்தவன் நான். எமலோகத்து வாசலில் யார் கோட்டோடு போய் நின்றாலும் "மன்னார்குடியா?" என்றுதான் கேட்கிறார்களாம்.

போனில் என் மனைவி மல்லிகா. "எங்கண்ணன் போயிட்டாருங்க" என்றாள். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நான் டையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினேன். அந்தப் பெரியவர் இன்றைக்கும் அரைமுடிச்சோடுதான் அவர் வீட்டுச் சுவரில் தொங்குகிறார்.

உங்களிடம் சொல்வதற்கு என்ன. போகிற வழியில் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, எரிச்சல். என் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமலே போய்விட்டாரே இந்த மனுஷன் என்கிற எரிச்சல். அது எந்தப் படம் என்பதற்கு மெதுவாக வருகிறேன். அதுவரை என் வயிறு எரிந்துகொண்டே இருக்கும். அதற்கு அது பழகியதுதான்.

மச்சான் ஒரு கூட்டுறவு வங்கியில் நகை மதிப்பீட்டாளராக இருந்தவர். ஒரு கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, கருப்பு உரைகல்லில் நகையை உரசி, தங்கத்தின் சுத்தம் இத்தனை மாற்று என்று சொல்லிவிடுவார். கெட்ட பழக்கம் என்னவென்றால், வங்கியை விட்டு வெளியே வந்த பிறகும் அந்த லென்ஸ் சட்டைப் பையிலேயே இருக்கும். பாயசம், மேகம், பிள்ளைகளின் கையெழுத்து, மேடைப் பேச்சு எல்லாவற்றுக்கும் மாற்றுப் பார்த்தார். என் கல்யாணத்துக்கு முன் என்னையே ஒருமுறை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தங்கையிடம் என்ன சொன்னார் என்று முப்பது வருஷமாகக் கேட்கிறேன், மல்லிகா சொல்ல மறுக்கிறாள்.

ஒருநாள் ஸ்டூடியோவுக்கு வந்து, "மாப்ள, சும்மா கெடக்குற கேமரா ஒண்ணு இருந்தா குடுங்க" என்றார். இருந்ததிலேயே மட்டமானதைக் கொடுத்தேன். அடுத்த வாரம் பிலிம் சுருளைக் கொண்டுவந்தார். கருப்பு வெள்ளை. என் இருட்டறையில், என் கையால்தான் அதைக் கழுவினேன். தட்டில் மெல்ல ஒரு காடு எழுந்து வந்தது. வானத்தை முட்டும் மரங்கள், நுனியில் குலை குலையாக ஏதோ பூ. ஸ்டூடியோவுக்கு வந்தவர்கள் எல்லாம், "எந்தக் காடு சார், கேரளாவா?" என்று கேட்டார்கள். எந்தக் காடும் இல்லை. மச்சானின் சம்பா வயல். கதிர் பூத்திருந்த நேரத்தில் வரப்போரம் மல்லாந்து, தலையை மட்டும் பயிருக்குள் விட்டு, கீழேயிருந்து மேலே எடுத்திருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வயலைத் தாண்டித்தான் மாமனார் வீட்டுக்குப் போகிறேன். எனக்கு அது நெல்லாக மட்டுமே தெரிந்தது. என் தட்டில், என் தண்ணீரில், என் கண் முன்னாலேயே இன்னொருத்தன் படம் பிறக்கிறது. பிரசவம் பார்த்த எனக்கு ஒரு வாய் சர்க்கரை கூடக் கிடையாது.

கலரில் எடுக்கலாமே என்று கேட்டேன். "கருப்புக் கல்லுல உரசினாத்தான் மாப்ள தங்கத்தோட நெறம் தெரியும். பச்சையப் பச்சையாவே காட்டுனா அது பச்சைங்கறதோட முடிஞ்சிபோச்சு" என்றார். எழுதி வைத்துக்கொள்ளத் தோன்றியது. தோன்றியதற்காக என் மேலேயே கோபம் வந்தது.

அதற்குப் பிறகு மனுஷன் நிமிர்ந்து நின்றே நாங்கள் பார்க்கவில்லை. தெப்பக்குளத்தில் தாமரை இலைக்கு அடியில் போய், பப்பாளிக் குழாயால் மூச்சு விட்டுக்கொண்டு, இலையின் நரம்புகளை எடுத்தார். மீன்கள் வரிசையில் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தன. வயல் நண்டு வளைக்குள் கேமராவை விட்டு, நண்டு காலையில் எழுந்ததும் எந்த வானத்தைப் பார்க்கிறதோ அந்த வானத்தை எடுத்தார். ஒருமுறை தட்டைப்பயறு வயலில் அசையாமல் கிடந்ததில், அளக்க வந்த கிராம நிர்வாக அலுவலர் அவரை வரப்பு என்று நினைத்து நிலக் கணக்கான அடங்கலில் ஏற்றிவிட்டார். பக்கத்து நிலத்துக்காரர் ஆட்சேபணை தெரிவித்த பிறகுதான் மச்சானுக்கே தான் எல்லைப் பிரச்சினை ஆகிவிட்டது தெரிந்தது.

நானும் சும்மா இருக்கவில்லை. ஒரு சாயங்காலம் வடுவூர் ஏரிக்குப் போய், கூழைக்கடாப் பறவைகள் இறங்கும்போது சூரியனையும் சேர்த்துப் பிடித்தேன். கம்ப்யூட்டரில் அந்தச் சூரியனுக்கு இன்னும் கொஞ்சம் சிவப்பு, தண்ணீருக்கு இன்னும் கொஞ்சம் பொன். வாசலில் மாட்டினேன். மாட்டிய அன்று எதிர்ப்புறம் இருந்த டீக்கடைக்காரர் அந்த வெளிச்சத்திலேயே கடையை நடத்தினார், கரண்ட் தேவைப்படவில்லை. மச்சான் வந்தார். பையிலிருந்து லென்ஸை எடுத்துக் கண்ணில் இடுக்கினார். மூலைக்கு மூலை பார்த்தார்.

"முலாம் பிரமாதம்" என்றார்.

"உள்ள?"

"மாத்து கம்மி, மாப்ள."

அவ்வளவுதான். டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அன்று ராத்திரி மல்லிகா, "எங்கண்ணன் பொய் சொல்ல மாட்டாரு" என்று எனக்குச் சோறு போட்டாள். சாம்பாரில் உப்பு இல்லை. அதை நான் சொன்னேனா?

தஞ்சாவூரில் அவர் படங்களைக் கண்காட்சி வைத்த அன்று நடந்ததைச் சொல்லாமல் விட்டால் என் பொறாமைக்கு நான் துரோகம் செய்தவனாவேன். கூடத்தின் நடுவில் அந்த வாத்துப் படம். பார்த்தவர்களுக்குத் தெரியும். அறுவடை முடிந்த வயலில் மேய்ச்சலுக்கு வாத்து ஓட்டி வருவார்களே, அப்போது எடுத்தது. அன்று நான் பக்கத்தில் இருந்தேன். நெல் அறுத்த தாளுக்கு நடுவே மச்சான் மல்லாந்து கிடக்கிறார். வாத்துக்காரர் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார்.

"சார், எந்திரிங்க. வாத்து மேல ஏறிடும்."

"ஏறட்டும்ப்பா. அதுக்குத்தான் படுத்திருக்கேன்."

"கடிச்சிச்சின்னா நான் பொறுப்பில்ல."

"நீ அதுங்களுக்குப் பொறுப்பு, நான் எனக்குப் பொறுப்பு. ஓட்டு."

நாலாயிரம் வாத்து அவர் மேல் நடந்து போயின. நாலாயிரம் வெள்ளை வயிறு, எட்டாயிரம் சவ்வுக் கால், இடையிடையே துண்டு துண்டாக வானம். ஒரு வாத்து அவசரத்தில் அவர் மார்பிலேயே முட்டை இட்டுவிட்டுப் போனது. அவர் மனைவி கமலா அக்கா அதை ஆம்லெட் போட்டு எனக்கும் கொடுத்தார். ருசி இருந்தது என்பதையும் வயிறெரிந்துதான் சொல்கிறேன்.

அந்தப் படத்தின் முன்னால்தான் தஞ்சாவூரே கூடி நின்றது. பெரிய கோயில் அன்றைக்கு ஆளில்லாமல் காற்று வாங்கியது. சொந்தக்காரன் என்ற முறையில் நானும் ஓரமாக நின்றேன். கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் என்னிடம் வந்து, "நீங்களும் போட்டோகிராபரா சார்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மல்லிகா முந்திக்கொண்டாள். "இவரு கல்யாணம்தாங்க எடுப்பாரு. கருமாதியும் எடுப்பாரு." திரும்பும்போது பஸ் வடுவூர் ஏரியைத் தாண்டியது. நான் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்த மச்சான் என் தோளைத் தட்டி, "அந்தப் பக்கமும் நல்லா இருக்கா மாப்ள?" என்றார். அந்தப் பக்கம் ஒரு உரமூட்டைக் கடை.

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன்.

போன குறுவைக்கு நாற்று விட்டிருந்த சமயம். இந்த மனுஷன் படுத்துப் படுத்து எடுக்கிறாரே, இவரையே மேலேயிருந்து எடுத்தால் என்ன என்று எனக்கு ஒரு வெறி வந்தது. விடிந்ததும் அவர் வயலுக்குப் போனேன். நாற்றங்காலுக்கு நடுவே ஓடும் வாய்க்காலில் மல்லாந்து கிடக்கிறார், தட்டான்களை அடியிலிருந்து எடுப்பதற்காக. பக்கத்திலேயே மோட்டார் கொட்டகை. தொட்டிச் சுவரில் ஒரு கால், ஜன்னல் விளிம்பில் ஒரு கால் என்று நான் கூரை மேல் ஏறினேன். என் பாரத்தில் கொட்டகை ஒரு முழம் பூமிக்குள் இறங்கியது. அன்றிலிருந்துதான் அந்த போர்வெல்லில் தண்ணீர் கூடுதலாக வருகிறது, இதற்கு யாரும் எனக்கு நன்றி சொன்னதில்லை. கவிழ்ந்து படுத்து, தலையையும் கேமராவையும் வெளியே தொங்கவிட்டேன்.

கீழே மச்சான் கேமராவை மார்பில் சாய்த்துவிட்டுச் சும்மா கிடந்தார். தண்ணீருக்கு மேலே முகம் மட்டும். இரண்டு பக்கமும் நாற்று. ஒரு தட்டான் அவர் மூக்குக்கு மேலே அந்தரத்தில் நின்றது. அதைப் பார்த்து அவர் சிரித்தார். வங்கியில், கல்யாணத்தில், கண்காட்சியில் எங்கேயும் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை. எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு இறங்கத் தெரியவில்லை. கேமராவைக் கூரை மேலேயே வைத்துவிட்டுத் தொட்டியில் குதித்தேன்.

வாய்க்காலில் இருந்து குரல் வந்தது. "என்ன மாப்ள, குளிக்க வந்தீங்களா?"

அந்தப் படத்திலிருந்து பச்சையை எடுத்தேன், சிவப்பை எடுத்தேன், என் வழக்கமான முலாம் எதையும் பூசவில்லை. தண்ணீர் கருப்பாகியது. முகம் வெளிச்சமாகியது. பிரிண்ட் போட்டு மேசையில் வைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன். லென்ஸை இடுக்கினார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். லென்ஸைக் கழற்றிப் பையில் போட்டார்.

"டீ சொல்லுங்க மாப்ள" என்றார்.

மாத்து கம்மி என்று கூடச் சொல்லவில்லை. டீ வந்தது, குடித்தார், மழை வருமா என்று கேட்டார், போனார். அதற்குப் பிறகு பல நாள் ஸ்டூடியோ பக்கமே வரவில்லை. பிறகு வந்தபோதும் அந்தப் படத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. உரசிப் பார்க்கக் கூடத் தகுதியில்லாத பித்தளை என்று முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். படத்தைக் கோட்டு, டை வைக்கும் அலமாரிக்குள் போட்டுப் பூட்டினேன். அப்புறம் அவர் செத்தும் போய்விட்டார்.

சிங்கப்பூரில் இருந்து வந்த அவர் மகன் செந்தில் என்னிடம்தான் வந்தான். "மாமா, படத்திறப்புக்கு அப்பா படம் ஒண்ணு வேணும். நம்ம வீட்ல ஒண்ணுகூட இல்ல." ஊரையே எடுத்தவருக்குத் தன் படம் ஒன்று கிடையாது. என்னிடம் இருந்த கல்யாண ஆல்பங்களை எல்லாம் புரட்டினேன். எல்லாவற்றிலும் மச்சான் இருக்கிறார், முகம்தான் இல்லை. ஒன்றில் வாழைக்குலையை அண்ணாந்து எடுக்கும் கழுத்து. ஒன்றில் பந்தியில் இலைக்கு அடியில் எறும்பைத் தேடும் முதுகு. தாலி கட்டும் நேரத்தில் மணமேடைக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு உள்ளங்கால். ஆதார் அட்டையில் ஒரு முகம் இருந்தது, அதை வைத்துப் படம் திறந்தால் சொந்தக்காரர்களே போலீசுக்குச் சொல்லிவிடுவார்கள்.

அலமாரியைத் திறந்து அந்தப் படத்தை எடுத்துப் போனேன். வாசல் பந்தலில் பிரித்ததும் ஒரு பங்காளிப் பெரியவர் துண்டை உதறி எழுந்துவிட்டார். "என்னப்பா இது, தண்ணியில மெதக்குறாப்ல இருக்கு. பாக்குறவன் ஆத்துல விழுந்து செத்தான்னுல்ல நெனப்பான்?"

மல்லிகாவும் அவர் பக்கம். "ஏங்க, ஊருக்கெல்லாம் கோட்டு மாட்டுறீங்க. எங்கண்ணனுக்கு மட்டும் தண்ணியா? வானத்தப் போட்டு, ஒரு கோட்டப் போட்டுக் குடுங்க."

"மாட்டேன்" என்றேன்.

"பொறாமைங்க உங்களுக்கு. செத்தும் தீரல."

அது உண்மைதான். ஆனால் படத்தைக் கையிலிருந்து விடவில்லை. செந்தில் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அப்போது உள்ளேயிருந்து கமலா அக்கா வந்தார். படத்தைப் பார்த்தார். அழுவார் என்று எல்லோரும் ஒதுங்கி நின்றோம்.

"இந்தப் படமா" என்றார். "இதுக்குத்தான தம்பி ஏணி செஞ்சாரு."

"என்ன ஏணிக்கா?"

"மோட்டார் கொட்டகைக்குப் பின்னால கெடக்குதே. உங்கள மாதிரி தொட்டியில கால் வச்சி ஏற அவரால முடியல. மூங்கில் வெட்டி ஏணி கட்டுனாரு. தெனம் காலையில என்னைய வாய்க்கால்ல மல்லாக்கப் படுக்க வச்சிட்டு இவரு மேல ஏறிக்குவாரு. 'சிரிடி'ம்பாரு. எப்புடித் தம்பி சிரிப்பு வரும், மீனு முதுகக் கடிக்குது."

பந்தலில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அக்காவும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

"எறங்கி வந்து கேமராவப் பாப்பாரு. 'வரலடி, மாப்ள எடுத்த மாதிரி வரல'ம்பாரு. மறுநாளும் என்னையப் படுக்கச் சொல்வாரு. எனக்கு இருமலே வந்துடுச்சி. அன்னைக்கித்தான் விட்டாரு. 'அந்தப் படத்துல கொறை சொல்ல எனக்கு எடமில்ல கமலா. மாப்ளகிட்ட சொல்லித் தொலைச்சிடாத'ன்னாரு. இப்பச் சொல்லிட்டேன். என்னைய என்ன பண்ணப் போறாரு."

பெரியவர் துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கருமாதியன்று அந்தப் படத்தைத்தான் திறந்தார்கள். கோட்டு இல்லை, வானம் இல்லை. மாலையை மல்லிகாதான் போட்டாள். நாற்றை மறைக்காமல், முகத்தை மறைக்காமல், சட்டத்தின் ஓரமாகப் பார்த்துப் பார்த்துப் போட்டாள். போட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "நல்லாத்தான் எடுத்திருக்கீங்க" என்றாள். இந்த வீட்டில் அந்த வார்த்தை கேட்க ஒரு ஆள் சாக வேண்டியிருந்தது.

இதிலும் எனக்குப் பொறாமைதான். நான் முப்பது வருஷமாக ஊர் முழுக்கத் தண்டோரா போட்டு அவர் மேல் பொறாமைப்பட்டேன். அவர் ஒரு கொட்டகைக் கூரை மேல், ஒருத்தருக்கும் தெரியாமல், என்னைவிட அழகாகப் பொறாமைப்பட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதிலும் அவருக்குத்தான் மாற்று அதிகம்.

ஆணையிட்டுத் தொடங்கியதால் முடிக்கும்போது கணக்கை நேர் செய்துவிடுகிறேன். வாத்து நாலாயிரம் இல்லை. மேலே ஏறியது ஒன்றோ இரண்டோ, மற்றவை சுற்றிக்கொண்டு போயின. முட்டை என் சொந்தக் கற்பனை. மீன்கள் முகம் கழுவவில்லை, அவர் அடங்கலில் ஏறவில்லை, கொட்டகை ஒரு விரற்கடை கூட இறங்கவில்லை, பெரிய கோயிலில் அன்றைக்கும் கூட்டம்தான். இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். அந்த ஏணியும், அது எதற்காகக் கட்டப்பட்டது என்பதும்.

அக்கா அதை என்னிடமே கொடுத்துவிட்டார். லோடு ஆட்டோவில் கட்டி, கடைத்தெரு வழியாகக் கொண்டுவந்து, ஸ்டூடியோவில் நீல வானத்துத் திரைக்குப் பக்கத்தில் சாத்தியிருக்கிறேன். தென்னங்கயிற்று முடிச்சுகள் எல்லாம் அவர் கட்டியவை, ஒன்றுகூடத் தளரவில்லை. படிகளில் வாய்க்கால் சேறு காய்ந்து கிடக்கிறது. கூட்டிப் பெருக்குகிற பெண்ணிடம் அதைத் துடைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். நம்பாதவர்கள் கடைக்கு வந்து பார்க்கலாம். டீ சொல்கிறேன்.